ரெண்டு சப்ளையர் வச்சும் ரெண்டும் ஒண்ணா நின்னுடுச்சு, என்ன பண்றது?

கேள்வி:
வணக்கம். ஆயில் பம்ப் அசெம்ப்ளி யூனிட்ல பர்ச்சேஸ் பாக்குறேன். ஒரு சின்ன ரப்பர் சீல், விலை ஒண்ணுமே இல்ல ஆனா அது இல்லாம ஒரு பம்ப் கூட வெளிய போகாது, அதனாலதான் ரெண்டு சப்ளையர்கிட்ட பிரிச்சு ஆர்டர் போடுறோம். இப்போ ரெண்டு பேருமே மெட்டீரியல் இல்லங்கறாங்க. விசாரிச்சா ரெண்டு பேருக்கும் ரப்பர் காம்பவுண்ட் (சீல் அடிக்கறதுக்கான ரப்பர் கலவை) வர்றது ஒரே பிளான்ட்லருந்து, அங்க தீ விபத்து. ஒரு வாரத்துல சரியாகிடும்னு சொல்றாங்க, என்கிட்ட மூணு வாரத்துக்கு ஸ்டாக் இருக்கு. நம்பி இருக்கலாமா?

பதில் 1:
நம்பாதீங்க சார். 2000 மார்ச்ல அமெரிக்காவுல அல்புகர்க்கில பிலிப்ஸ் சிப் பிளான்ட்ல தீப்பிடிச்சப்பவும் முதல்ல ஒரு வாரம்னுதான் சொன்னாங்க. அங்கருந்து சிப் வாங்கின ரெண்டு போன் கம்பெனில, நோக்கியா அத அப்படியே விடாம தினமும் ஃபாலோ பண்ணி வேற பிளான்ட்ல இருந்து சிப் வாங்கிடுச்சு, எரிக்சன் காத்திருந்து சுமார் 40 கோடி டாலர் நஷ்டப்பட்டுச்சு. சப்ளையர விட்டுட்டு காம்பவுண்ட் பிளான்ட்கிட்டயே நேரா பேசுங்க, மெஷின் எரிஞ்சுதா, வெறும் புகை மட்டும்தானா, கியூல நம்ம ஆர்டர் எங்க இருக்கு, இதெல்லாம் கேளுங்க.

பதில் 2:
இது புதுசில்லங்க. 2011 ஜப்பான் பூகம்பத்துல ஒனஹாமாவுல மெர்க்ங்கற கெமிக்கல் கம்பெனியோட பிளான்ட் நின்னப்போ, கார் பெயிண்ட்ல மினுமினுப்பு தர்ற ஸைராலிக் பிக்மென்ட் உலகத்துல வேற எங்கயும் தயாராகல. ஃபோர்டு சில கருப்பு, சிவப்பு கலர் கார்களுக்கு ஆர்டர் எடுக்குறதயே நிறுத்தி வச்சாங்க. நம்ம லிஸ்ட்ல எத்தன பேர் இருக்காங்கங்கறத விட அவங்களுக்கு யார் குடுக்குறாங்கங்கறதுதான் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. நேரா பேசினேன், மிக்ஸிங் லைனே போயிடுச்சாம், ஆறு வாரமாவது ஆகும். இப்ப போடுறது நைட்ரைல் ரப்பர் சீல், ஈபிடிஎம்ங்கற வேற வகை ரப்பர்ல சீல் உடனே கிடைக்குது, போடலாமா?

பதில் 1:
ஐயோ வேணாம், ஈபிடிஎம் மினரல் ஆயில்ல ஊதிப்போயிடும். விட்டான் (Viton)ங்கற ரப்பர் ஆயிலுக்குத் தாங்கும், விலை அதிகம், ஆனா லைன் நிக்கறத விட அது பரவால்ல. ஒண்ணு, அது நைட்ரைலை விட அதிகமா சுருங்கும், அதே மோல்டுல அடிச்சா அளவு மாறும், அதனால டிசைன்காரங்க கையெழுத்தும் டெஸ்ட்டும் இல்லாம ஒரு பீஸ் கூட ஏத்தாதீங்க. ஸ்டாண்டர்ட் ஓ-ரிங் (வட்ட வளைய சீல்) சைஸா இருந்தா டீலர்கிட்ட ரெடியாவே கிடைக்கும், முதல்ல அத பாருங்க.

பதில் 2:
இன்னிக்கே கஸ்டமருக்கும் சொல்லிடுங்க, கடைசி நாள்ல சொன்னா அவங்களுக்கும் வழி இருக்காது. இருக்குற சீல எந்த ஆர்டருக்கு முதல்ல போடணும்னு சேல்ஸோட உக்காந்து முடிவு பண்ணுங்க, இல்லேன்னா சத்தமா கேட்டவருக்குப் போயிடும். இது அடங்கினதும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க: சப்ளை நின்னா திரும்ப வர எத்தன வாரம், அதுவரை நாம எத்தன வாரம் தாங்குவோம். முதல் நம்பர் ரெண்டாவத விட பெருசா இருக்குற பார்ட்டுக்குத்தான் ஸ்டாக் ஏத்தணும், அது அஞ்சு காசு சீலா இருந்தாலும் சரி.