கியர்பாக்ஸைத் திறக்கும் முன்: சுங்கை சிப்புட்டில் பழைய எஸ்யுவி வைத்திருப்போரின் அனுபவங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பதினைந்து, இருபது வயதான எஸ்யுவிகள் நிறைய ஓடுகின்றன. தோட்டத்து மண்பாதைக்கு உயரமான வண்டி வேண்டும், வீட்டில் எல்லாரும் ஏற வேண்டும், புது வண்டிக்கு ஒன்பது ஆண்டுக் கடன் எடுக்க மனம் வராது. சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பழையதை வாங்குகிறோம். பெரும்பாலும் நல்ல வண்டிகள்தாம். ஆனால் கோளாறு என்று வந்ததும் நம்மவர்கள் கொட்டிக் கொடுக்கும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. என் வண்டியில் நடந்ததை அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். உங்கள் வண்டியில் நடந்ததையும் எழுதுங்கள்.

என்னுடையது 2005ஆம் ஆண்டு வண்டி. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர் தானியங்கி. முன்பு வைத்திருந்தவர் சிறுதோட்டக்காரர். பின்னிருக்கையை மடக்கிவிட்டு உர மூட்டை ஏற்றியவர்.

முதலில் தெரிந்தது, டேஷ்போர்டு விளக்குகளின் நடுக்கம். சிக்னல் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து லேசாகத் துடிக்கும். பேட்டரி பழசாகியிருக்கும் என்று புதிதாக மாற்றினேன். துடிப்பு நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கியர் தொல்லை ஆரம்பித்தது. நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது வண்டி பாரமாக இழுக்கும், 'டி'யில் போட்டதும் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் ஓர் உதை, உச்சக் கியருக்கான ஓவர்டிரைவ் விளக்கு விட்டுவிட்டு மின்னும். வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுவிடும். எஞ்சினை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் ஒழுங்காக ஓடும். மறுநாள் மீண்டும் அதே கதை.

ஈப்போவில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் கணினிக் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். "சோலனாய்டு போய்விட்டது, பெட்டியை இறக்கித்தான் பார்க்க வேண்டும், எப்படியும் 4,500 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்" என்றார்கள். என்ன குறியீடு வந்தது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி எழுதித் தந்தார்கள். பி0750, பி0562 என்று இரண்டு. முதல் குறியீடு, கியர் மாற்றும் சோலனாய்டைப் பற்றியது. இரண்டாவது, வண்டியின் மின்னழுத்தம் குறைவு என்று சொல்வது. அதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

நம் ஊரில் வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லாரி, டிராக்டர் எல்லாம் அவர் கையில்தான் உயிர் பெறும். என் கதையைக் கேட்டவர் போனட்டைத் திறந்து முதலில் கியர் எண்ணெயின் அளவுகோலை உருவினார். வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்கருகே நீட்டி, "கருகல் வாடை வருகிறதா, தம்பி?" என்று கேட்டார். வரவில்லை. நிறம் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது, அவ்வளவுதான். "கிளட்ச் தட்டு தேய்ந்து எரிந்திருந்தால் இது கறுத்து நாறும். பெட்டி இன்னும் சாகவில்லை" என்றார்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் அணைந்திருந்தபோது பேட்டரி 12.5 வோல்ட். ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14.2. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போது ஸ்டார்ட் செய்" என்றார். இரண்டும் ஒரே எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் உலோக வழியில், சேரவேண்டியவை. அவற்றுக்கு இடையே 0.2 வோல்ட் அளவைத் தாண்டக் கூடாது. எண் 0.9க்கு ஏறியது.

பேட்டரித் தட்டைக் கழற்றினார். அதன் அடியில் கியர்பாக்ஸ் உறையையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டதும் செம்பு இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. நாலைந்து இழைகள்தாம் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய பேட்டரியிலிருந்து கசிந்த அமிலமும், மண்பாதைச் சேறும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. பக்கத்திலேயே கியர் கேபிளின் கறுப்பு உறை ஓரிடத்தில் உருகிச் சுருங்கியிருந்தது. அதைத்தான் அவர் எனக்கு அழுத்திக் காட்டினார். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப முறையான வழி இல்லையென்றால் கிடைத்த வழியில் போகும். கியர் கேபிள் வழியாக, சென்சார்களின் மெல்லிய எர்த் வயர் வழியாக. கேபிள் சூடாகி உறை இளகியது அதனால்தான்.

சோலனாய்டு என்பது கம்பிச் சுருள். போதிய மின்சாரம் வந்தால்தான் எண்ணெய் வழியைத் திறந்து மூடி, வேண்டிய அழுத்தத்தைக் கிளட்ச் தட்டுகளுக்கு அனுப்பும். எர்த் கெட்டால் அதன் பலம் குறைகிறது. கணினி அதைப் பழுதென்று எடுத்துக்கொண்டு, பெட்டிக்குச் சேதம் வராமல் மூன்றாவது கியரில் பூட்டிவிடுகிறது. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாட்டைத்தான் ஈப்போ பட்டறையில் 'சோலனாய்டு போய்விட்டது' என்று சொல்லியிருக்கிறார்கள்.

புதிய தடித்த எர்த் பட்டை, உலோகத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிடிமானம், மேலே கிரீஸ். கூலியோடு 80 வெள்ளி. பின்விளக்கு மங்கியிருந்ததற்கும் அன்றே காரணம் கிடைத்தது. பின்பக்க உள்தகட்டை எடுத்தால், எர்த் போல்ட்டைச் சுற்றி வெள்ளை உப்பு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஈரம் பட்டால் கடல்நீர் இரும்புக்குச் செய்வதையே அதுவும் செய்யும். உரம் ஏற்றிய வண்டியை வாங்குவோர் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

அதன்பின் மூன்றாவது கியரில் பூட்டிக்கொள்வது அடியோடு நின்றது. கியர் எண்ணெயையும் மாற்றினேன். ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும், மீதி, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்து ஊற்றச் சொன்னார் பெரியவர். பெட்டிக்கு உரிய எண்ணெய் எதுவென்று கையேட்டில் இருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். படிப்படியான கியர் இல்லாத சிவிடி பெட்டியில் சாதாரணக் கியர் எண்ணெயை ஊற்றுவது கொலை.

*

கோலகங்சாரிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன் சொல்வது சரி. ஆனால் பெட்டியே கெட்டுப்போகும் நேரமும் உண்டு. என் வண்டியை அதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது ஆர்பிஎம் 4,000க்குப் போகிறது, வேகமோ இறங்கிக்கொண்டே வருகிறது. அவசர ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். பின்னால் லாரிகள் வருகின்றன, வண்டியில் இரண்டு பிள்ளைகள். அந்தப் பயத்தை இன்னொருவர் படக் கூடாது.

அளவுகோலை எடுத்தால் எண்ணெய் ரோஜாப் பாலின் நிறத்தில் நுரைத்திருந்தது. பல தானியங்கி வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே இருக்கும். அது உள்ளுக்குள் அரித்து ஓட்டையானால் குளிர்நீரும் எண்ணெயும் கலந்துவிடும். நீரும், குளிர்நீரில் கலந்திருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கிளட்ச் தட்டின் பசையைக் கரைத்து உரித்துவிடும். அந்த நிறத்தைப் பார்த்தபின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஹாப்கட் பெட்டி, அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி, ஒன்று போட்டோம். பழைய ரேடியேட்டரையே வைத்துப் புதுப் பெட்டி மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். நான் ரேடியேட்டரை மாற்றி, தனிக் கூலர் ஒன்றும் முன்னால் வைத்துவிட்டேன். கேமரன் மலைக்கு ஏறும் வண்டிகளுக்கு அந்தக் கூலர் நல்லது.

*

தோட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் உறுப்பினர்:

எனக்குக் கியர் பிரச்சினை இல்லை அண்ணா, வண்டி கிளம்பவே கிளம்பாது. அம்மாவுக்கு ஈப்போ மருத்துவமனையில் மாதாந்திரப் பரிசோதனை. விடியற்காலையில் புறப்பட வேண்டிய நாளில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்து லயத்துப் பையன் கேபிள் போட்டுக் கிளப்பிவிடுவான். இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. கடைசியில் ஒருவர், வண்டி தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து பார்த்தார்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்தார். கதவுகளை மூடி, சாவியைத் தூர வைத்துவிட்டு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் அடங்குவதற்கு அவ்வளவு நேரம் வேண்டுமாம். சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 0.5. ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி வீணாகிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் வறண்டுவிடும். மூன்றாம் நாளே ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். ஒன்றை உருவியதும் எண் சட்டென்று விழுந்தது. முன்பு யாரோ பொருத்திய திருட்டு அலாரம். அந்த அலாரம் வேலை செய்யவே இல்லை, ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே கறுப்பு நாடா சுற்றிய வயர்க் கொத்தோடு தொங்கி, இரவெல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தோம். அதன்பின் எந்த விடியலிலும் வண்டி அம்மாவைக் காக்க வைக்கவில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி மாற்று, பேட்டரி மாற்று என்றே நம்மிடம் சொல்வார்கள். அளந்து காட்டுங்கள் என்று நின்று கேளுங்கள்.

*

லிந்தாங் சாலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எலியை யாரும் சொல்லவில்லையே! எங்கள் வீடு செம்பனைக்கு ஒட்டினாற்போல. எலி அங்கே குறைவில்லை. அதற்காகவே தோட்டங்களில் ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள். வண்டி இரவில் சூடாக இருக்கும், அவை ஏறிப் படுத்துக்கொள்ளும். ஒருநாள் ஸ்பீடோமீட்டர் முள் சரிந்து பூஜ்யத்தில் விழுந்தது, கூடவே கியரும் தடுமாறியது. போமன் (மெக்கானிக்) போனட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் செம்பனைப் பழத்தின் நார், பாதி தின்ற கொட்டை. கியர்பாக்ஸில் இருக்கும் வேக சென்சாரின் வயரைக் கடித்திருந்தது. அந்த சென்சார் சொல்லும் வேகத்தை வைத்துத்தான் கணினி எப்போது கியரை மாற்றுவது என்று முடிவெடுக்கிறது. வயரை ஒட்டவைத்து, சுருங்கும் குழாய் உறை போட்டு முடித்தோம். இப்போது வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கேட்க ஒன்று இருக்கிறது, அண்ணா. என் மாமாவுக்கு உண்மையிலேயே பெட்டி மாற்ற வேண்டும். ஹாப்கட் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

*

முதலில் எழுதியவரின் பதில்:

தம்பி, கடைக்குப் போகும் முன் மாமாவின் பெட்டியில் இருக்கும் தகட்டு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே முன்சக்கர இயக்கத்துக்கு ஒரு பெட்டி, நான்கு சக்கர இயக்கத்துக்கு வேறு பெட்டி. மின் இணைப்புச் செருகியில் எத்தனை முனைகள், எந்த வடிவம் என்பதையும் ஒப்பிடுங்கள். ஆண்டு மாறினால் அது மாறியிருக்கும், பின்னர் வயரை வெட்டி ஒட்டுவார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரரிடம் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மாவுபோல் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டியதில்லை. கையில் குத்தும்படி உலோகச் சில்லு இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், என்ன விலைக்குக் கொடுத்தாலும். உத்தரவாதம் எத்தனை நாள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பொருத்தும் அன்று, கோலகங்சார் நண்பர் சொன்ன ரேடியேட்டரைச் சோதித்துவிட்டு, எர்த் பட்டையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்டி இறங்கியிருக்கும்போது அதற்குத் தனிக் கூலி கேட்க மாட்டார்கள். சனிக்கிழமை போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் மல்டிமீட்டரோடு வருகிறேன்.