கரும்பு வேர்ப்புழுவுக்கு நூற்புழு: காசு கொடுத்து வாங்கலாமா?

பவானிக்கரை:
சத்தியமங்கலம் பக்கம் கரும்பு வைத்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு பாத்தி முழுக்க மஞ்சளாகிக் காய்ந்தது. தூரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் தோண்டினால் வேர்ப்புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. முன்பு போட்ட போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணை 2020 கடைசியோடு தடையாகிவிட்டது. இப்போது கடையில், பூச்சியைக் கொல்லும் நூற்புழு என்ற மிக நுண்ணிய புழு கலந்தது என்று ஒரு பொடி தருகிறார்கள். வாங்கலாமா? நூற்புழுதானே வேரில் முடிச்சுப் போட்டுப் பயிரைக் கெடுக்கிறது என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

மண்புழுத்தோழன்:
அந்தப் பயம் வேண்டாங்க. வேர்முடிச்சு நூற்புழு வேறு இனம், இது வேறு இனம். இது பயிரைத் தொடாது, மண்புழுவுக்கும் ஆடுமாட்டுக்கும் ஆபத்தில்லை. பூச்சியின் உடம்புக்குள் நுழைந்து, தன் குடலில் சுமந்து வரும் பாக்டீரியாவை அங்கே விடும். பெரும்பாலும் 2 நாளுக்குள் பூச்சி செத்துவிடும். செத்த உடம்புக்குள்ளேயே பெருகி, அடுத்த பூச்சியைத் தேடி மண்ணுக்கு வரும். நம் ஊருக்கு ஏற்ற இனம் ஹெட்டிரோராப்டைடிஸ் இண்டிகா. கோயம்புத்தூர்க் கரும்புத் தோட்டத்திலிருந்துதான் அதைக் கண்டெடுத்து 1992-இல் பெயர் வைத்தார்கள். குளிர்நாட்டு இனங்கள் சோர்ந்து போகிற சூட்டையும் தாங்கும். தாராளமாக வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆய்வகத்தில் நன்றாகவே கொல்கிறது. என் கேள்வி, பாக்கெட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்பதுதான். பொதுவாகச் சொல்லும் அளவு எக்டருக்கு 250 கோடி நூற்புழு, அதாவது ஏக்கருக்கு 100 கோடி. எங்கள் பக்கம் வாங்கிய பொடியில் எத்தனை என்று அச்சிடவே இல்லை. கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தார்கள். போட்டோம், பலன் தெரியவில்லை. ரசாயன மருந்துக்கு இருக்கிற பதிவுக் கட்டாயமும் இதற்கு இல்லை. நஷ்டப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? நட்டுவைத்த கரும்பை நம்பிக் கடன் வாங்கியவனிடம் இதைப் போய் ‘தாராளமாக வாங்கு’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்புழுத்தோழன்:
உயிர் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம் ஐயா. தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவை ஈரமண் போட்ட டப்பாவில் விட்டு, ஒரு சிட்டிகைப் பொடி தூவி நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் புழு செங்கல் நிறமாகி, அழுகல் நாற்றம் இல்லாமல் கிடந்தால் சரக்கு நல்லது. கறுத்து நாறினால் வேறு காரணத்தால் செத்தது. அதே மெழுகுப் புழுவில் வளர்த்து நாமே பெருக்கிக்கொள்ளவும் முடியும்.

கணக்குப்பிள்ளை:
டப்பா சோதனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பெருக்குவதற்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மெழுகுப் புழுவிலிருந்து இரண்டு லட்சம் நூற்புழு வருகிறது என்றே வையுங்கள். ஏக்கருக்கு 5,000 மெழுகுப் புழு வேண்டும். அதுகளுக்குத் தீனி, டப்பா, எறும்பிடமிருந்து காவல் எல்லாம் யார் பார்ப்பது?

இன்னொன்று. மெழுகுப் புழு சாவதால் வேர்ப்புழு சாகும் என்று ஆகாது. வேர்ப்புழு மண்ணிலேயே பிறந்து வளர்வது. அதன் மூச்சுத் துளைகளுக்குச் சல்லடை மாதிரி மூடி இருக்கிறது, நூற்புழு சுலபமாக நுழைய முடியாது. அதிலும் பெருத்த புழு லேசில் சாகாது.

ஈரமண்:
நான் வேளாண் களப்பணியில் இருக்கிறேன். ஐயா கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கரும்பு மஞ்சளானதைப் பார்த்து மருந்து தேடுகிறோம். அதற்குள் புழு முழுவளர்ச்சிக்கு வந்துவிடுகிறது, அப்போது நூற்புழு மட்டும் இல்லை, குருணையும் பெரிதாகக் கேட்காது. கோடை மழை விழுந்ததும் இந்த வேர்ப்புழுவின் தாய் வண்டு வெளியே வரும், வேப்பிலை தின்னும், மண்ணில் முட்டை வைக்கும். அதிலிருந்து சில வாரத்தில் புழு சின்னதாக இருக்கும் சமயம்தான் நூற்புழுவுக்கு உகந்தது. பவானிக்கரை அண்ணா, ஆவணியில் போடுவதாக இருந்தால் காசை வீணாக்காதீர்கள்.

போடுவதற்கு முன்பும் பின்பும் மண் ஈரமாக இருக்க வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும், அதனால் பொழுது சாய்ந்து போடுங்கள். தண்ணீரில் கலந்தால் நூற்புழு தொட்டியின் அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே இருங்கள். தெளிப்பானில் கண் சிறிய சல்லடை இருந்தால் கழற்றிவிடுங்கள். கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை போட்ட இடத்தில் உடனே விடக் கூடாது, அது நூற்புழுவையும் கொல்லும்.

கணக்குப்பிள்ளை:
வண்டு வேம்புக்கு வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் மழைக்கு அப்புறம் சாயங்காலம் ஊரே சேர்ந்து மரத்தை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் முட்டையே குறையுமே. பாக்கெட்டை நம்ப வேண்டியதில்லை, செலவும் இல்லை. இதை முதலில் சொல்லாமல் பொடியை முதலில் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

மண்புழுத்தோழன்:
உலுக்குவது முதல் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் வரவில்லை என்றால் அவர் மரத்து வண்டு நம் காட்டில்தான் முட்டை வைக்கும். மண்ணுக்குள் போனதை எது தேடிப் போகும்? அந்த இடத்துக்குத்தான் நூற்புழு. ஏக்கர் முழுக்க விடாமல், போன வருடம் காய்ந்த பாத்திகளில் தூரை ஒட்டி ஊற்றினால் செலவும் குறையும்.

பவானிக்கரை:
மழை வந்ததும் மரம் உலுக்க ஆள் சேர்க்கிறேன். பொடி வாங்கினால் டப்பா சோதனை செய்துவிட்டுத்தான் காட்டுக்குள் கொண்டுபோவேன். காய்ந்த இடத்தில் பாதிக்கு விட்டு, பாதியை அப்படியே விட்டுப் பார்க்கட்டுமா?

ஈரமண்:
அப்படியே செய்யுங்கள். பொடி விடாத பாதிக்கும் அதே நாளில் அதே அளவு தண்ணீர் பாய்ச்சுங்கள், இல்லாவிட்டால் வித்தியாசம் ஈரத்தால் வந்ததா நூற்புழுவால் வந்ததா என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்து இரண்டு பக்கமும் தூர்களைத் தோண்டி, உயிருள்ள புழுவை எண்ணி இங்கே எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பாக்கெட்டில் எண்ணிக்கையும் தயாரித்த தேதியும் இல்லை என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.