மறு: ‘பெயரடை’ வகையின் பெயரா, வேலையின் பெயரா?

வணக்கம். ஆங்கில இலக்கணத்தின் ‘அட்ஜெக்டிவ்’ என்ற சொல்வகைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘பண்புச்சொல்’ என்று எழுதலாம் என்றேன்; அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘பெயரடை’ பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல். இன்னொன்று எதற்கு?

ஊன்றிவிட்டது உண்மைதான், அதை விலக்கவும் நான் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது ஒரு வேலையை: பெயருக்கு அடையாக வருவது. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பலவகைச் சொற்கள் செய்கின்றன. ‘ஸ்டோன் வால்’ என்பதில் ‘ஸ்டோன்’ சுவருக்கு அடைதான்; ஆனாலும் நம் ‘கற்சுவர்’ போல அங்கே நிற்பது பெயர்ச்சொல். ‘வெரி ஸ்டோன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்பதில் இருப்பது வினையின் எச்சம். அதற்கு முன்னும் ‘வெரி’ வராது. அதே ஈறு கொண்ட ‘இன்ட்ரஸ்டிங்’ மட்டும் ‘வெரி’யை ஏற்கும், ‘ஸீம்ஸ்’ என்பதற்குப் பின்னும் இயல்பாக நிற்கும். மூன்றையும் பெயரடை என்றே எழுதிவிட்டால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

பயனிலையில் வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘ஹி இஸ் டால்’ என்பதைத் தமிழில் நினைத்துப் பாருங்கள்: ‘அவன் உயரமாக இருக்கிறான்’. ‘ஆக’ ஈற்றைக் கண்டதும் மாணவர் ‘டால்’ என்பதை வினையடை என்று குறித்துவிடுகிறார். ‘ஹி இஸ் அஃப்ரெய்ட்’ தமிழில் ‘பயப்படுகிறான்’ என்று ஆவதால் அதை வினை என்கிறார். அவர்மேல் குற்றமில்லை. அங்கே அடுத்து ஒரு பெயரே இல்லாதபோது ‘பெயரடை’ என்று சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ‘அஃப்ரெய்ட்’ பெயருக்கு முன் நேரடியாக வருவதே இல்லை.

ஆகவே வகைக்குப் ‘பண்புச்சொல்’, வேலைக்குப் ‘பெயரடை’ என்று பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> ‘உரிச்சொல்’ இருக்கிறதே, தொல்காப்பியர் தந்தது?

அழகான சொல், ஆனால் பொருந்தாது. ‘மிக’ என்று பொருள்படும் உறு, தவ, நனி போன்றவை அங்கே உரிச்சொற்கள். உரிச்சொல் பெயரோடும் வரும், வினையோடும் வரும். ஆங்கிலத்தில் நாம் பிரிக்க முயலும் அட்ஜெக்டிவ், அட்வெர்ப் (வினையடை) இரண்டையும் அது மறுபடி ஒன்றாக்கிவிடும்.

> பண்புப்பெயரோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நம்புகிறேன். ‘பியூட்டி’ பண்புப்பெயர், ‘பியூட்டிஃபுல்’ பண்புச்சொல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. இந்த நெருக்கம் புதிதும் இல்லை. லத்தீன் இலக்கணிகள் அட்ஜெக்டிவ் வகையை நெடுங்காலம் பெயர்ச்சொல்லின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தார்கள்.

‘ஃபார்மர்’, ‘மெயின்’ போன்றவை எந்தப் பண்பைச் சொல்கின்றன என்று கேட்டால், நியாயமான கேள்வி. அவை ‘வெரி’யையும் ஏற்பதில்லை, ‘ஸீம்ஸ்’ பின்னும் நிற்பதில்லை. ஆனால் ‘இரு’ எந்தச் செயலையும் காட்டாமலே வினைச்சொல்லாக இருக்கிறது. வகைப்பெயர் நடுவில் இருப்பவற்றைப் பார்த்துத்தான் அமையும். ஓரத்தில் இருப்பவற்றைக் குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், ‘லி’ ஈற்றை மட்டும் வைத்து வினையடை என்று முடிவுகட்டும் வழக்கத்தைக் கலைச்சொல் விளக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும். ‘ஃபிரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் பண்புச்சொற்கள்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா: பெயருக்கு முன் வந்தால் ‘அடைநிலைப் பண்புச்சொல்’, ‘இஸ்’, ‘ஸீம்ஸ்’ பின் வந்தால் ‘பயனிலைப் பண்புச்சொல்’, ‘ஸ்டோன் வால்’ வகைக்கு ‘அடைநிலைப் பெயர்’. கடைசிச் சொல்லில் எனக்கே முழு நிறைவில்லை. அதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.