கிளைக்கோபகுப்பைப் பாடமாக்க வைக்க வேண்டுமா?

உப்புவெளி_அக்கா:
திருகோணமலையில் நான் படிப்பிக்கும் முதலாம் ஆண்டு உயிரிரசாயன வகுப்புக்கு, கிளைக்கோபகுப்பின், அதாவது கலம் குளுக்கோசைப் பைருவேற்றாக உடைக்கும் தாக்கத் தொடரின், 10 படிகளையும் பாடமாக்கச் சொல்லப் போவதில்லை. வினாத்தாளோடு வரைபடத்தையும் கொடுத்துவிட்டு, "இந்த நொதியம் நின்றால் எது தேங்கும்?" என்றுதான் கேட்பேன். பெயர்களை மளமளவென்று எழுதும் பிள்ளைக்குக்கூட, செங்குருதிக் கலத்தில் ஏன் லக்ரிக் அமிலம் உண்டாகிறது என்றால் பதில் வருவதில்லை. பைருவேற்றை மேலும் உடைத்துச் சக்தி எடுக்கும் இழைமணியே இல்லாத கலம் அதை வேறு என்ன செய்யும்?

கொட்டியாறன்:
உடன்பாடில்லை அக்கா. நான் ஆய்வுகூடத்தில் நிற்பவன். குளுக்கோஸ் பார்க்க எடுக்கும் இரத்தத்தைச் சாம்பல்நிற மூடிக் குழாயில் விடுகிறோம். குழாய்க்குள்ளும் குருதிக் கலங்கள் குளுக்கோசை உடைத்துக்கொண்டே இருக்கும்; அதை நிறுத்தத்தான் உள்ளே சோடியம் புளோரைட்டு. அது தடுப்பது இனோலேஸ் என்ற நொதியத்தை, அதாவது 9ஆம் படியை. மேலேயுள்ள படிகள் உடனே நிற்காது. முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் குளுக்கோஸ் குறைந்துகொண்டுதான் இருக்கும். மூதூர்ப் பக்கம் எடுத்த குழாய் வெயிலில் பட்டணம் வந்து சேர்ந்தால், "புளோரைட்டு இருக்குத்தானே" என்று பயிலுநர்கள் ஆறுதலாக வைத்துவிடுகிறார்கள். இனோலேஸ் எத்தனையாவது என்று தலையில் இருந்தால் வைப்பார்களா? வேலை நேரத்தில் யார் வரைபடம் விரிப்பது?

உப்புவெளி_அக்கா:
தம்பி, அந்தப் பயிலுநர்களும் ஒருகாலம் பாடமாக்கி எழுதிச் சித்தியடைந்தவர்கள்தானே! 9 என்று தெரியும். அப்படியென்றால் மேலே என்ன நடக்கும் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

தம்பலகாமத்தாள்:
நான் இரண்டாம் ஆண்டு. வரைபடம் தந்த பரீட்சையில் பாதி நேரம் அம்புக்குறி தேடுவதிலேயே போனது. எனக்கு உதவியது காபன் எண்ணியதுதான்: 6 காபன், 4ஆம் படியில் மூன்றும் மூன்றுமாகப் பிரியும். அப்புறம் திரும்பாத படிகள் 1, 3, 10. இவ்வளவும் பிடிபட்டால் மிச்சம் தானாக வரும்.

கொட்டியாறன்:
அந்த மூன்றில் இனோலேஸ் இல்லையே தங்கச்சி. கிரெப்ஸ் வட்டம், யூரியா வட்டம் போன்ற மற்றத் தாக்கத் தொடர்களுக்கு வரைபடம் கொடுங்கள், நான் மறுக்கவில்லை. கிளைக்கோபகுப்பை மட்டும் கையால் வரையட்டும். சித்திரிக் அமிலம் சேர்த்த குழாய் ஏன் திறம் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது: அமிலத்தன்மை கூடியதும் 1ஆம், 3ஆம் படிகளின் நொதியங்கள் உடனே அடங்கிவிடும்.

உப்புவெளி_அக்கா:
சரி, வரையட்டும். ஆனால் வரைந்ததற்குப் புள்ளி கிடையாது. புளோரைட்டு பிடிக்கும் இடத்தை அதில் குறித்து, எது தேங்கும் என்று எழுதினால்தான் புள்ளி.

கொட்டியாறன்:
படிக்கு அரைப் புள்ளியாவது போடுங்கள் அக்கா. இல்லாவிட்டால் ஒருவரும் வரைந்து பழக மாட்டார்கள்.