பொதுக்களமும் திறமூல உரிமமும் ஒன்றுதானா?

கேள்வி:
வணக்கம். தேதிகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதில் உரிமக் கோப்பு எதுவும் இல்லை. ‘எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார், ஆகவே அது பப்ளிக் டொமைன், அதாவது யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பொதுக்களம், ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூலம் என்பதும் அதுதான்’ என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். நான் எழுதிவரும் மென்பொருளில் அதைச் சேர்க்கலாமா?

பதில் 1:
சேர்க்க வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், நிரலை எழுதியவுடனேயே, எந்தப் பதிவும் இல்லாமல், பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. உரிமக் கோப்பு இல்லையென்றால் எல்லா உரிமையும் அவரிடமே இருக்கிறது என்றுதான் பொருள்.

திறமூல உரிமம் பதிப்புரிமையைக் கைவிடுவதில்லை. அதன் மேல்தான் நிற்கிறது. எம்ஐடி உரிமத்தில் வரும் நிரலை மாற்றலாம், விற்கலாம். ஆனால் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது. ஜிபிஎல் உரிமமோ, மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. உரிமையைத் தம்மிடம் வைத்திருப்பவரால்தான் இப்படி நிபந்தனை விதிக்க முடியும். மாதிரி ரயில்களுக்கான ஒரு திறமூல நிரல் தொடர்பான ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், இத்தகைய நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழேயே நிலைநாட்டலாம் என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. பொதுக்களத்துக்கு விட்டுக்கொடுத்த நிரலுக்கு அந்த வழி கிடையாது.

பதில் 2:
உண்மையான பொதுக்கள நிரலைப் பார்க்க விரும்பினால் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் மூலக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். பதிப்புரிமை அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில், எழுதியவர் தம் உரிமையைத் துறப்பதாக ஒரு வரியும், நன்மை செய்யுமாறு வாசிப்பவரை வாழ்த்தும் சில வரிகளும் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் அது. ஆனால் அந்த எளிமைக்குப் பின்னால் பெரும் கவனம் இருக்கிறது: பங்களிப்பாளர்கள் உரிமையைத் துறப்பதாக எழுதிக் கையொப்பமிட்ட ஆவணங்களைத் தீக்காப்புப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனி போன்ற நாடுகளில் எழுதியவர் பதிப்புரிமையை முற்றிலும் துறக்கவே முடியாது. அதனால்தான், உரிமையைத் துறப்பதற்காக கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு வெளியிட்ட சிசி0 ஆவணம், துறப்பு செல்லாத இடங்களில் நிபந்தனையற்ற உரிமமாகச் செயல்படும்படி எழுதப்பட்டது. எனினும் அது காப்புரிமைகளை, அதாவது பேட்டன்ட்டுகளை, விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் காரணத்தால் 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. உங்கள் சொந்த நிரலை நிபந்தனையின்றி வழங்க நினைத்தால், எந்த நிபந்தனையும் விதிக்காத திறமூல உரிமமான 0பிஎஸ்டி உரிமமே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உரிமக் கோப்பு ஒன்றைச் சேர்க்க இயலுமா என்று நிரலை எழுதியவருக்கே மடல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை அதைத் தொடப்போவதில்லை.