அப்பாவுக்கு வந்திருப்பது வைராக்கியமா?

முத்தையன்கட்டு மகள்:
எங்கள் வயல் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே. மார்கழியில் நெல் குடலைப் பருவத்தில் நின்றபோது யானைகள் இறங்கி ஒன்றரை ஏக்கரை மிதித்துத் தின்றுவிட்டன. யானை விரட்டக் கொளுத்தும் வெடியும் முடிந்திருந்தது. விடிய ஓடிப்போனால், அப்பா உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் தாச்சி அளவு கால்தடங்கள், தண்ணீர் நிரம்பி. "மிச்சத் துண்டுக்குத் தண்ணி நிக்க வேணுமெல்லே" என்றார். அவ்வளவுதான். அம்மா வரம்பிலேயே இருந்து அழுதா.

2009 போரில் வீடும் மாடும் போய், தம்பியும் போனபிறகு அப்பா எதற்கும் கலங்குவதில்லை. ஊரில் ஞானி என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இது வைராக்கியமா, மனம் செத்துப்போனதா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, பேச்சில் நாங்கள் பிடிவாதத்தைத்தான் வைராக்கியம் என்கிறோம். மூலச்சொல் விராகம், அதாவது ராகம் என்ற பற்று நீங்கியது. கீதை 2:47 பலனில் உரிமை இல்லை என்று சொல்வது எல்லாருக்கும் தெரியும். அதே சுலோகம், சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று முடிகிறது. அதைத்தான் மறந்துவிடுகிறோம். உங்கள் அப்பா வரம்பு கட்டினாரே!

வவுனிக்குளம் ரீச்சர்:
நான் அவசரப்பட்டு ஓம் என்று சொல்லமாட்டேன். முகாமிலிருந்து வந்து இரண்டு வருடம் நானும் அழவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. அது துறவு இல்லை, மரத்துப்போனது. மயான வைராக்கியம் சுடலையில் வந்து வீட்டுப் படியோடு போய்விடும் என்பார்கள். எனக்குப் போகாமல் நின்றுவிட்டது.

சேக்கிழார் அடியார்களை "ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்" என்கிறார். அடுத்து, "கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்". பொன்னை விட்டவர்கள் முத்தியையும் விட்டார்கள், அன்பை விடவில்லை. அப்பாவிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள் பிள்ளை. நித்திரை கொள்கிறாரா, சாப்பிடுகிறாரா? இல்லையென்றால் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். ஞானி என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

முத்தையன்கட்டு மகள்:
ரீச்சர், நித்திரை கொள்கிறார். உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. யானை விட்ட மூலையில் அறுத்த நெல்லில் தைப்பூசத்துக்குப் புதிர், அதுதான் புது அரிசிச் சோறு, சமைத்தோம். படைத்து முடிய, அப்பா ஒரு பிடி சோற்றை வாழையிலையில் தனியாக எடுத்து, சர்க்கரை கேட்டார். நான் ஒரு கரண்டி போட்டேன். "இன்னும் போடு, அவன் இனிப்புக்காரன்" என்றார்.