புதுப்பிப்பு: வெளிமாநிலத்தில் ரேஷன் கடை தேடுவது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருப்பதால் தங்கச்சிமடத்திலிருந்து கொச்சிப் பக்கம் வேலைக்குச் செல்வோர், அங்கே எந்தக் கடையில் நம் ஸ்மார்ட் கார்டுக்கு அரிசி வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும், 2022 ஜூனில் கடைசியாக அசாமும் சேர்ந்துவிட்டதால், விரல் ரேகையைச் சரிபார்க்கும் விற்பனை முனைய இயந்திரம் உள்ள கடைகளை நாடு முழுவதும் பயன்படுத்தலாம். அருகிலுள்ள கடையை ‘மேரா ரேஷன்’ செயலி காட்டும். ஆனால் கடையைவிட முதலில் பார்க்க வேண்டியது அட்டையைத்தான். அதில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (மிக வறியோருக்கான அந்த்யோதயா) என்று இருந்தால்தான் வெளிமாநிலத்தில் பொருள் உண்டு, என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) அட்டைக்குக் கிடையாது. (இதைச் செயலியின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.) கிடைப்பதும் மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் மட்டுமே; நம்மூர்த் துவரம்பருப்பையும் பாமாயிலையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஒருவர் அங்கே தம் பங்கை வாங்கினாலும், மீதியை வீட்டார் ஊரிலேயே பெறலாம். கயிறு இழுத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதியாமல் போகக்கூடும் என்பதால், புறப்படுமுன் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஐயங்களுக்கு 14445 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.